சோம்பல் பாட்டும் முழுமுடியும்

அந்தப் பாட்டு வெளியானபோது கொரியாவில் கோடை, ரங்கூனில் அடைமழை. எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. மருந்துக்கடை வேலைக்குப் போகிற பஸ்ஸில், சொட்டுகிற குடையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கைப்பேசியில் அதை முதல் தடவையாகப் பார்த்தேன். ஐந்து கொரியப் பெண்கள். கடலோரத்தில் ஒரு வெள்ளை வீடு. அவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஒருத்தி தர்பூசணி தின்கிறாள். ஒருத்தி மின்விசிறி முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தி செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறாள். பாட்டும் அப்படியே, பாயைவிட்டு எழுந்திருக்க மனமில்லாதவர்கள் பாடுகிற மாதிரி.

எனக்கு வயிறு எரிந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? எங்கள் வீட்டில் அம்மா விடியும் முன்னே தோசை மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக்கு ஓடுவாள். கரண்ட் வந்தால் தண்ணீர் மோட்டார் போட நான் ஓடுவேன். கரண்ட் போகுமுன் அரிசியைக் குக்கரில் போட மறுபடி ஓடுவேன். இவளுகள் என்னடா என்றால் ஃபேன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்து அதற்கும் கைதட்டல் வாங்குகிறாளுகள்! இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போகும்வரை திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கொரியப் பாட்டுகளுக்கு அப்படியே அடிபிசகாமல் ஆடி, படம் எடுத்து, இணையத்தில் போடுவோம். ரங்கூனில் இப்படி எத்தனையோ குழுக்கள். ஏரிக்கரைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு கடையின் கறுப்புக் கண்ணாடிதான் எங்களுக்கு ஆளுயரக் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை போனால் அந்த வரிசையில் இடம்பிடிக்கச் சண்டையே நடக்கும். குழுவில் நான் ஒருத்திதான் தமிழ். எங்களுக்குள் பேச்செல்லாம் பர்மீஸ்தான். என் இடம் பின்வரிசை, இடது ஓரம். எந்தப் பாட்டானாலும் அதே ஓரம். ஓரத்தில் நின்றாலும் பிசகாமல் ஆடுவேன், மற்றவர்களுக்கு அடி மறந்தால் என்னைப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். ஆனால் படத்தில் பார்த்தால் என் பாதி உடம்பு வெளியே போயிருக்கும்.

குழுவுக்குத் தலைவி ஒருத்தி. எங்களைவிட நாலைந்து வயது மூத்தவள், பெண்கள் சலூன் ஒன்றில் முடி அலங்காரம் செய்கிறவள். அக்கா என்பதற்குப் பர்மீஸில் அமா. அவளை அமா என்றுதான் கூப்பிடுவோம். அவள் என்னைக் கலாமா என்பாள். இந்தியச் சாயலில் இருக்கிற பெண்களுக்கு இந்த ஊர் வைத்த பேர் அது. திட்டுவதற்கும் அதுதான், கொஞ்சுவதற்கும் அதுதான். அவள் கொஞ்சத்தான் சொல்கிறாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

அந்தச் சோம்பல் பாட்டை எடுப்பது என்று முடிவானபோது அமா கண்ணாடிக்கு முன்னால் நின்று, விரலை நேராக என் பக்கம் நீட்டினாள்.

"இதுல நடுவுல கலாமாதான்."

கூட இருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அமா விளக்கினாள். அந்த வீடியோவின் முதல் காட்சியில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நடப்பாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற கறுப்பு முடி ஒவ்வோர் அடிக்கும் ஒருபக்கம் போய் மறுபக்கம் வரும். மற்ற நான்கு பேரும் அந்த முடி போகிற பக்கம் தோளைச் சாய்த்துக்கொண்டு பின்னால் வருவார்கள். பாட்டில் ஆட்டம் என்று பார்த்தால் அது ஒன்றுதான். பல்லவி வரும்போதெல்லாம் அந்த நடை வரும். ஊரே அந்த முடியைத்தான் பேசியது.

"நம்மள்ல யாருக்கு அந்த முடி இருக்கு? சவரி வெச்சா பாக்கச் சகிக்காது, எனக்குத் தெரியாதா?" என்றாள் அமா.

"முகம் எப்ப வரும் அமா?" என்று கேட்டேன்.

"முகம் எதுக்கு? முதுகு போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? ஆனால் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முகம் இல்லாவிட்டால் போகட்டும், நடு நடுதானே! நான் அடிவைத்தால்தான் அந்த நான்கு வெள்ளைத் தோள்களும் அசைய வேண்டும். நான் நின்றால் அவர்களும் நிற்க வேண்டும். அந்த ஓரத்தில் நின்று நின்று எனக்கு இது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால் யாருக்கும் புரியாது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

சும்மா நடப்பதுதானே என்று நினைக்காதீர்கள். சோம்பலாக நடப்பதைப்போலக் கஷ்டம் ஒன்று கிடையாது. ஐந்து பேரும் ஒரே அளவு சோம்பலாக இருக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் சுறுசுறுப்பாகிவிட்டால் எல்லாம் போச்சு. மழைக்காலம் முழுக்க அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நாங்கள் சோம்பிப் பழகினோம். முடி சரியாக ஆட வேண்டுமென்றால் இடுப்பு எங்கே நிற்க வேண்டும், கழுத்து எங்கே தளர வேண்டும் என்று நானே கண்டுபிடித்தேன். அமாகூட, "அசல் அவளாட்டமே இருக்குடி" என்றாள். படப்பிடிப்பை எங்கள் ஊர்க் கோடைக்கு ஒத்திவைத்தோம், மழையில் கடற்கரைப் பாட்டு எடுக்க முடியாதே. இடம் கியாக்தான் என்கிற ஊர், அங்கே ஆற்று நடுவில் ஒரு கோயில் இருக்கிறது. கடலுக்குப் போக எங்களுக்கு வழியில்லை, அந்தப் பழுப்பு ஆற்றைத்தான் அமா கைப்பேசியில் நீலமாக்குவதாகச் சொல்லியிருந்தாள்.

என் முடி எனக்குச் சும்மா வந்ததில்லை. பர்மாக்காரப் பெண்கள் ஒரு மரப்பட்டையையும் சீயக்காயையும் ஊறவைத்து, வழுவழுவென்று ஒரு தண்ணீர் எடுத்துத் தலைக்கு விடுவார்கள். அதைச் சின்ன வயதிலிருந்தே அம்மா எனக்கு விடுவாள். அதற்குமேல் தேங்காயெண்ணெய், அதற்குமேல் சாம்பிராணி. இரண்டு ஊர் வைத்தியமும் ஒரே தலையில். வீட்டில் வேறு எதற்கும் என்னைக் கொஞ்சிய நினைவு இல்லை, தலை சீவும்போது மட்டும் அம்மாவின் கை மெதுவாக இருக்கும். அது என்மேல் உள்ள பாசம் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு ஒரு தம்பி. கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை. கொரிய நடிகர்களைப்போல நெற்றியில் விழுகிற மாதிரி முடி வெட்டி, அதற்குப் பழுப்புச் சாயம் பூசியிருப்பான். அப்பா செத்தபிறகு அம்மாவுக்கு அவன்தான் உலகம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற சட்டம் வந்ததிலிருந்து எங்கள் வட்டாரத்தில் இளவட்டங்களின் பேரை எழுதிக்கொண்டுபோய் மாதாமாதம் குலுக்கல் போடுகிறார்கள். பேர் வந்தவன் போக வேண்டியதுதான். தம்பி பேரும் பட்டியலில் இருந்தது. மழை ஓய்ந்தபிறகு, அவன் பேர் சேர்ந்த முதல் குலுக்கலன்று அம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லை. மாவு பொங்கி வழிந்து தரையெல்லாம் ஓடியது. தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, பேர் வரவில்லை என்று சொன்னார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், நானும் அழுதேன். என் தம்பி அல்லவா!

அழுது முடித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்:

"காளியாத்தா கண்ணத் தொறந்துட்டா. பங்குனி உத்திரத்துக்கு முடியக் குடுத்துப்புடணும்."

"யாரு முடிய?"

"உன் முடியத்தான். முழுமுடின்னு வேண்டிக்கிட்டேன்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். என் அம்மாவுக்கு விளையாட்டுப் பேச்சு வராது என்பது உடனே ஞாபகம் வந்தது.

"வேண்டிக்கிட்டது நீ. உன் முடியக் குடேன்."

"என் தலையில என்னாடி இருக்கு? எலிவாலு. ஆத்தா பாத்துச் சிரிப்பா. குடுக்குறது நல்லதாக் குடுக்க வேணாமா?"

"அப்ப அவன் குடுக்கட்டும். அவனுக்காகத்தானே!"

தம்பிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, எனக்கு மொட்டையடிச்சா பட்டாளத்துல சேந்தவன் மாதிரியே இருக்கும். அபசகுனம்க்கா" என்றான்.

அம்மா பதறிப்போனாள். "ஆமாமா, வேணாஞ்சாமி. வாயால கூடச் சொல்லாத" என்று தரையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அடப்பாவி! ஒரு நொடியில் என்ன மூளை அவனுக்கு! படிக்கிற காலத்தில் இந்த மூளை எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே கடைக்குப் போய்விட்டான்.

உத்திரம் பங்குனியில். எங்கள் படப்பிடிப்பு அதற்குப் பத்துப் பதினைந்து நாள் தள்ளி, பர்மாப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால். அவ்வளவுதான் இடைவெளி. அதை வைத்துக்கொண்டு நான் மன்றாடாத மன்றாட்டமில்லை. படம் எடுத்து முடித்த மறுநாளே கோயிலுக்கு வருகிறேன், நானே கத்தியைக் கையில் எடுத்துத் தருகிறேன் என்றேன். பூமுடி கொடுத்தால் போதாதா, நுனியில் கொஞ்சம் கத்தரித்து வைக்கிறார்களே, எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள் என்றேன்.

"ஆத்தாகிட்ட பேரம் பேசுறியா? முழுமுடின்னா முழுமுடிதான். நடுவுல ஒரு குலுக்கல் இருக்குடி. உன் ஆட்டத்துக்காகத் தள்ளிப்போட்டு அவன் பேரு வந்துச்சுன்னா? சொல்லு. உன் ஆட்டம் பெருசா, அவன் உசுரு பெருசா?"

இதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? ஆட்டம்தான் பெரிது என்று சொல்கிற வாய் எனக்கு இல்லை. அவன் உயிர்தான் பெரிது என்று சொன்னால் முடி போயிற்று. பதில் இல்லாத கேள்வியாகப் பார்த்துக் கேட்பதில் என் அம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அமாவிடம் போனேன். சலூனில் ஒரு பெண்ணுக்குச் சாயம் தடவிக்கொண்டிருந்தாள். படப்பிடிப்பை உத்திரத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். உடுப்பு தைத்து வரவில்லை, ஒருத்திக்குப் பரீட்சை, படகுக்காரரிடம் தேதி சொல்லியாயிற்று என்று அடுக்கினாள். நான் அந்தச் சலூன் நாற்காலியிலேயே உட்கார்ந்து தேம்பினேன். அமா கையுறையைக் கழற்றிவிட்டு வந்து என் சடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நுனிவரை விரலால் கோதினாள்.

"கலாமா, தம்பிக்காக முடியத் தர்ற. எவ்வளவு பெரிய புண்ணியம்! அழுதா அது கெட்டுப்போகும். எந்தக் கோயில்? எத்தனை மணிக்கு?"

சொன்னேன்.

"நானும் வர்றேன்" என்றாள்.

என் வீட்டில் யாரும் என் பக்கம் பேசாதபோது எவளோ ஒருத்தி கூட வருகிறேன் என்கிறாளே என்று எனக்கு இன்னும் அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

உத்திரத்தன்று கோயிலில் நிற்க இடமில்லை. பால்குடம், காவடி, அலகு குத்தியவர்கள், அவர்களைப் படம்பிடிக்கிற பர்மாக்காரர்கள். தலை மழிக்கிறவர் பின்பக்கத்தில் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கைக்குழந்தைகளும் கிழவர்களும்தான். மழித்த முடியைக் கூட்டித் தள்ளிச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அமா நல்ல பட்டு லுங்கி கட்டி, கன்னத்தில் தனகா மரப்பட்டைக் குழம்பு பூசி, பழக்கூடையோடு வந்திருந்தாள். கோயில் கமிட்டிக்காரர் ஒருவரோடு ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தாள். அர்ச்சனைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்தக் கமிட்டிக்காரர் பிறகு மழிக்கிறவரிடம் வந்து குனிந்து ஏதோ சொன்னார்.

மற்ற தலைகளுக்குத் தண்ணீரை ஊற்றி நேரே கத்தியை வைத்த மனிதர் என் முடியை மட்டும் நனைக்கவில்லை. உலர்ந்த சடையாக இறுக்கிப் பின்னச் சொன்னார். அம்மாதான் பின்னினாள், அதே மெதுவான கையால். மேலே ஒரு ரப்பர், கீழே ஒரு ரப்பர். கத்தரிக்கோலைப் பிடரியை ஒட்டி வைத்து வெட்டினார். என் முடி கனம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும், ஒரே வெட்டில் போகவில்லை, நெரித்து நெரித்து அறுத்தார். அந்தச் சத்தம் மண்டைக்குள்ளே கேட்டது. அழுதேன். நாசூக்காக இல்லை, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

"அழாதடி" என்று அம்மா என் தோளை அழுத்தினாள். "குடுக்குறப்ப அழுதா கணக்குல சேராது."

தம்பி அந்தப் பக்கமிருந்து கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவை கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பி நெற்றிமுடியைச் சரிசெய்துகொண்டான். அதை நான் பார்த்தேன்.

மழித்த தலையில் அம்மா சந்தனம் அப்பினாள். குளிர்ந்தது. அமா வந்து இரண்டு கையையும் என் தலைமேல் வைத்து, "சாது, சாது, சாது" என்று பௌத்தர்கள் புண்ணியத்தை வாழ்த்துகிற மாதிரி வாழ்த்தினாள்.

"அழகா இருக்க, தீலஷின் மாதிரி." இளஞ்சிவப்பு அங்கி போட்ட பௌத்தப் பெண் துறவிகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"தொப்பி போட்டுட்டுப் பின்னால நிக்கட்டுமா அமா? பழைய இடம்தானே, அந்த ஓரம்?" என்று கேட்டேன். பிச்சைக்காரிகூட அந்தக் குரலில் கேட்கமாட்டாள்.

"வேணாம்மா, வெயில்ல தலை வெந்துடும். நீ வீட்ல இரு. சலூன்ல புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்கா, அவள வெச்சு எடுத்துக்கறோம்."

அந்தப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு அடித்த சுவர்போல நிறம். முடி காதுவரைதான்.

"அவளுக்கு முடி இல்லையே?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். கையில் பழக்கூடை இருந்தது, மேலே வாழையிலை போட்டு மூடியிருந்தது. பிரசாதம் வாங்கிப்போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அன்று மொட்டையடித்தது தலையில் மட்டுமல்ல.

குலுக்கல் வந்தது. தம்பி பேர் வரவில்லை. அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள். அவனுக்குப் புதுச் சட்டை எடுத்தாள். எனக்குப் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று வாங்கிவந்தாள், மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் பயப்படுகிறார்களாம்.

தண்ணீர்த் திருவிழாவுக்கு முதல்நாள் மத்தியானம் கரண்ட் வந்தது. அதிசயம்தான். மூவரும் ஃபேனுக்கு அடியில் தரையில் படுத்திருந்தோம். அம்மா, தம்பி, நான், பேசக்கூடத் தெம்பில்லாத வெயில். அந்தக் கொரிய வீட்டில் இருப்பதுபோல ஒரே ஒரு நாள் நாங்களும் சும்மா கிடந்தோம். தம்பி கைப்பேசியைத் தூக்கி, "அக்கா, உன் கோஷ்டி போட்டுட்டாங்க" என்றான்.

பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தேன்.

ஆறு நீலமாக இருந்தது. மணல் வெள்ளையாக இருந்தது. ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். இடுப்புக்குக் கீழே கறுப்பு முடி, ஒவ்வோர் அடிக்கும் ஒருபக்கம் போய் மறுபக்கம் வந்தது. என் இடுப்பு நிற்க வேண்டிய இடத்தில் அவள் இடுப்பு நிற்கவில்லை, கழுத்து விறைத்திருந்தது. முடி மட்டும் சரியாக ஆடியது. அதற்குத்தான் பழக்கம் இருக்கிறதே. பின்னாலிருந்த மூவரும் அமாவும் அந்த முடி போகிற பக்கம் தோளைச் சாய்த்தார்கள். பல்லவியில் அவள் திரும்பினாள். முகத்தைக் காட்டினாள். அவள் என்றால் முகம் காட்டலாம் போலிருக்கிறது.

எத்தனையோ வருஷமாக என் கை சீவிய முடி எனக்குத் தெரியாதா? கோயில் வாசலில் நூறு பேர் செருப்புக் கிடந்தாலும் நம் செருப்பு நமக்குத் தெரிகிறதே, அப்படித் தெரிந்தது.

அம்மாவும் எட்டிப்பார்த்தாள். "அடியாத்தீ, அந்தப் பொண்ணுக்கு என்னா முடி! அசல் உன்னுதாட்டமே இருக்கு" என்றாள்.

பாட்டு முடிந்து நன்றி சொல்லும் எழுத்துகள் ஓடின. தம்பி சத்தமாக வாசித்தான். படகு தந்தவருக்கு நன்றி. உடுப்புத் தைத்தவருக்கு நன்றி. அடுத்து என் பெயர் வந்தது. பக்கத்தில் பூப்போட்டு, அன்பளிப்பாக முடி தந்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தது. என்னை மறந்துவிடவில்லை என்று காட்டுகிறாள் அமா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருடியவள் ஒளித்து வைத்தால் மானமாவது மிஞ்சும்.

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். "அக்கா, கடைசில உன் முடி சென்டர் ஆயிடுச்சு!"

"என்னாடா எழுதியிருக்கு?" என்றாள் அம்மா.

நான் சொன்னேன். அந்த முடி என் முடிதான், கமிட்டிக்காரர் கையில் காசு கொடுத்து வாங்கிப்போய்ச் சவரியாகக் கோத்து அவள் தலையில் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அம்மா எழுந்து நின்றாள். முகம் கறுத்துப்போயிற்று.

"ஆத்தாவுக்குக் குடுத்தது, ஆட்டக்காரி தலையிலயா?"

அந்த ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்செல்லாம் ஆசை. என் அம்மா சண்டைக்குப் பேர் போனவள். தோசைக்கடையை எடுக்கச்சொல்லி வந்த ஆளைக் கரண்டியோடு சந்து முனைவரை துரத்தியவள். இப்போது செருப்பை மாட்டுவாள், கோயிலுக்குப் போய் அந்தக் கமிட்டிக்காரரின் சட்டையைப் பிடிப்பாள், சலூனுக்குப் போய் அமாவின் வாசலில் நின்று, என் பிள்ளை முடியைக் கொடுடீ என்று கத்துவாள் என்று நினைத்தேன். முடி வராது, எனக்குத் தெரியும். அவள் போய்க் கத்தினால் போதும் என்று இருந்தது. நானே எழுந்து அவள் செருப்பைத் தேடி எடுத்துவந்தேன்.

அம்மா செருப்பைப் பார்க்கவே இல்லை. சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தாயே தெரியாமல் நடந்துபோச்சு, என் பிள்ளையைக் கைவிட்டுடாதே என்று தம்பியைக் காட்டிக் காட்டிக் கும்பிட்டாள். பிறகு என்னிடம் வந்தாள். தொப்பியைக் கழற்றினாள். உள்ளங்கையை என் தலையில் வைத்து முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாள். முளைத்திருந்தது, அரிசி நீளத்துக்கு.

"அப்ப அது கணக்குல சேராது" என்றாள். "பரவால்ல. உனக்குச் சீக்கிரம் வளரும். நல்லா வளத்து மறுபடி குடுத்துப்புடலாம். டேய், அந்தத் தேங்காண்ணைய எடு."

தம்பி எண்ணெய் எடுத்துவந்தான். அவள் கை என் தலையில் எண்ணெயைத் தேய்த்தது, அதே மெதுவான கை. நான் செருப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஊரே தெருவில் தண்ணீர் ஊற்றி ஆடிக்கொண்டிருந்தபோது நான் சந்து முனை ஆண்கள் சலூனுக்குப் போய் முளைத்ததை மழித்துக்கொண்டு வந்தேன். அம்மா விளக்குமாற்றால் அடித்தாள். அடிக்கட்டும் என்று நின்றேன். அடுத்த தடவை முளைத்ததும் மறுபடி போனேன். இப்போது நானே வீட்டில் மழித்துக்கொள்ளப் பழகிவிட்டேன். ஆட்டத்துக்குப் போவதில்லை. அமா எப்போதாவது செய்தி அனுப்புவாள், முடி வளர்ந்துவிட்டதா என்று. பஸ்ஸில் என்னைத் தீலஷின் என்று நினைத்து எழுந்து இடம் விடுகிறார்கள். அங்கி எங்கே என்று ஒரு பெரியம்மா கேட்டாள். துவைத்துப் போட்டிருக்கிறேன் என்றேன்.

தம்பி பேர் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. குலுக்கல் வருகிற வாரத்தில் அம்மா என்னோடு பேசுவதில்லை, சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்துவாள். போன வாரம் மட்டும் வாசலில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அவன் பேரு வந்துச்சுன்னா நீதான்டி காரணம். உன் தலைதான் காரணம்."

உள்ளே தம்பி கண்ணாடி முன்னால் நின்று முடியைச் சீவிக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் பாசம் போகவில்லை, அதுதான் என் தலையெழுத்து. அவன் பேர் வரக் கூடாது என்று நானும் தினம் கும்பிடுகிறேன்.

"சரி, நான்தான் காரணம்" என்றேன் அம்மாவிடம். தலையைத் தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது. பிளேடு எடுக்கக் குளியலறைக்குப் போனேன்.